இளைஞர் குழு தன் பகுதிக்கு உண்மையிலேயே பயன்படுவது எப்படி? கேட்பதில் தொடங்கி ஒப்படைப்பது வரை ஒரு முழு வழிகாட்டி

இளைஞர் குழுக்களோடு பல வருடங்களாக வேலை செய்து வருகிறேன். ஆர்வம் குறைந்து நின்றுபோன குழுக்களை விட, வேலையின் வரிசை தப்பியதால் நின்றுபோன குழுக்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் குழுவின் பெயர் போட்ட டி-ஷர்ட் வரும். அப்புறம் தேதி குறிப்பார்கள், அப்புறம் வேலையை முடிவு செய்வார்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவர்களிடம் பேசுவது கடைசியில் வரும், பல நேரம் வராமலே போய்விடும்.

இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒரு குழு தன் பகுதிக்கு உதவுகிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அதே இடத்துக்கு, அதே வேலைக்கு, அவர்கள் பத்தாவது முறையாகவும் போகிறார்களா? கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தப் பத்தாவது முறையை மனதில் வைத்து எழுதியது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வேண்டி வரும். வேடிக்கை பார்த்தவர்கள் அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

பொறுப்பேற்கும் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால், அவருக்கு உடம்பு சரியில்லாத வாரம் எல்லாமே நின்றுவிடும். சிறுவர்களோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது என்ற பாதுகாப்பு விதிக்கும் இரண்டாவது ஆள் தேவை.

தடிமனான ஒரு நோட்டு, ஒரு முதலுதவிப் பெட்டி, வாரத்தில் ஒரே கிழமை ஒரே நேரம். பணம் இந்தப் பட்டியலில் இல்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். நன்கொடை வசூலில் தொடங்கும் குழு, வேலை தொடங்கும் முன்பே கணக்கு வழக்குச் சண்டையில் மாட்டிக்கொள்கிறது.

1. யார் முடிவெடுப்பது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்

1992-ல் வந்த ஒரு யுனிசெஃப் வெளியீட்டில் ராஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர், சிறுவர்களின் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அதன் அடியில் உள்ள 3 படிகளை அவர் பங்கேற்பு என்றே கணக்கில் எடுக்கவில்லை. பெரியவர்கள் தங்கள் காரியத்துக்காகச் சிறுவர்களைப் பயன்படுத்துவது, விழாவில் அலங்காரத்துக்கு நிற்க வைப்பது, பேருக்கு ஓர் இடம் கொடுப்பது ஆகியவைதான் அந்த மூன்றும்.

புதிய குழுக்கள் பெரும்பாலும் இந்த மூன்று படிகளில்தான் நிற்கின்றன. என்ன வேலை, எப்போது, எத்தனை பேர் என்பதை இளைஞர்களே முடிவு செய்யட்டும். பெரியவர்களுக்கு ஒரே ஒரு அதிகாரம் இருக்கட்டும்: "இது ஆபத்து, வேண்டாம்" என்று தடுக்கும் அதிகாரம். தான் தேர்ந்தெடுத்த வேலைக்கு மழை நாளிலும் ஒருவன் வருவான். அடுத்தவர் ஒப்படைத்த வேலைக்கு வெயில் அடித்தாலே சாக்கு கிடைத்துவிடும்.

ஒவ்வொருவரின் வயதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளிவிவரக் கணக்கில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் இளைஞர்கள்; ஆனால் அதே அவையின் குழந்தை உரிமை உடன்படிக்கைப்படி 18 வயது ஆகாதவர்கள் குழந்தைகள். ஆக, உங்கள் குழுவில் பாதிப் பேர் இரண்டு கணக்கிலும் வருவார்கள். அவர்களுடைய பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்.

2. வேலையை முடிவு செய்யும் முன் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வதும் இதற்குத்தான்.

இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து போங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் எழுதட்டும். ஒருவரே இரண்டையும் செய்தால், எழுதக் குனியும் நேரத்தில் எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிடுவார். நான்கைந்து பேர் கூட்டமாகப் போய் நின்றால் கதவே பாதிதான் திறக்கும்.

"உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குச் சாலை, தண்ணீர், வேலைவாய்ப்பு என்று பெரிய பதில்கள்தான் வரும். அவை நியாயமான பதில்கள்தான், ஆனால் பத்துப் பேர் கொண்ட குழுவால் தீர்க்கக் கூடியவை அல்ல. "போன மாதம் எந்த வேலைக்கு இன்னொரு ஆள் கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். போன மாதம் என்று சொன்னதும் மனதில் ஒரு குறிப்பிட்ட நாள் வரும், ஒரு குறிப்பிட்ட வேலை வரும்.

ஒரு குழு பூங்காச் சுவரில் ஓவியம் வரைவது என்ற முடிவோடு என்னிடம் வந்தது. முதலில் இருபது வீடுகளில் கேட்டுவிட்டு வரலாம் என்று கூட்டிப்போனேன். நான்காவது வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். கேள்வியைக் கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். உள்ளே பிரிக்காத கடிதங்கள். எங்களோடு வந்த பதினாறு வயதுப் பெண் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துக் காட்டினாள். மூன்றாவது கடிதம் கண் பரிசோதனைக்கு வரச் சொல்லி அனுப்பியது. அதில் இருந்த தேதி போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"கண்ணு தெரியலைன்னு சொல்லவே கூச்சமா இருந்துச்சும்மா" என்றார் பாட்டி.

அன்று இருபது வீடுகளில் ஆறு வீட்டில் இதே மாதிரி ஏதோ ஒன்று இருந்தது: படிவம், கடிதம், போனில் வந்த செய்தி. சுவர் ஓவியத்தைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. சனிக்கிழமை தோறும் கடிதம் படித்துக் காட்டுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

பொதுவாக நடக்கும் தவறு: பகுதியின் பிரமுகர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வருவது. அவர்கள் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் அந்தப் பாட்டியின் பிளாஸ்டிக் பை அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

3. கிடைத்த பட்டியலை மூன்று கேள்விகளால் வடிகட்டுங்கள்

இதை எங்களால் வாரா வாரம் செய்ய முடியுமா? தவறாகச் செய்தால் யாருக்காவது கெடுதல் வருமா? இதைச் சம்பளத்துக்குச் செய்யும் யாருடைய பிழைப்பாவது பாதிக்கப்படுமா? மூன்றில் ஒன்று இடித்தாலும் அந்த வேலையை ஒதுக்கி வையுங்கள்.

முதல் கேள்விதான் அதிகமாக வடிகட்டும். நூறு மரக்கன்றுகளை ஒரே காலையில் நட்டுவிடலாம். நடுவது எளிது, வேர் ஆழமாக இறங்கும் வரை, குறைந்தது முதல் இரண்டு கோடைக்காவது, தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். பத்துப் பேர் இருக்கும் குழுவுக்கு நூறு கன்றுகள் சுமை. ஆளுக்கு இரண்டு வீதம் இருபது கன்றுகள் நட்டால், அடுத்த வருடம் இருபது மரங்களைக் காட்ட வாய்ப்பு உண்டு.

ரத்ததானமும் அப்படித்தான். ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளேட்லெட்டைப் பொதுவாக 5 முதல் 7 நாள்தான் வைத்திருக்க முடியும், சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள். ஒரே நாளில் இருநூறு பேரைத் திரட்டிப் பெரிய முகாம் நடத்தினால் செய்திக்கு நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு மாதம் கழித்து அவசரம் என்று வருபவருக்கு அதில் பிளேட்லெட்டோ சிவப்பணுவோ ஒரு பையும் மிஞ்சியிருக்காது. அதே இருநூறு பேரை வருடம் முழுக்கப் பிரித்து, மாதா மாதம் பதினைந்து இருபது பேராக அனுப்புங்கள். எத்தனை பேர், எந்த வாரம் என்பதை ரத்த வங்கியிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். பெரும்பாலான நாடுகளில் கொடுப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள் பெயர்ப் பட்டியல் வைத்திருப்பது, நினைவூட்டிப் போன் செய்வது, கூடப் போவது என்று உதவலாம். மாதா மாதம் நடக்கும் முகாமுக்கு இந்த வேலைகள்தான் முதுகெலும்பு.

4. ஏற்கெனவே செய்பவர்களைத் தேடிப் பாருங்கள், அப்புறம் அனுமதி வாங்குங்கள்

நீங்கள் தேர்ந்தெடுத்த வேலையை யாரோ ஒருவர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கலாம். அவரைக் கண்டுபிடித்து அவரோடு சேர்ந்துகொண்டால் ஆறு மாத அனுபவம் இலவசமாகக் கிடைக்கும். அவரைக் கேட்காமல் இறங்கினால், ஊரில் உங்களைப் பற்றி முதலில் குறை சொல்பவர் அவராகத்தான் இருப்பார். அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

பொது இடம் என்றால் உள்ளாட்சி அலுவலகம், பள்ளி என்றால் தலைமை ஆசிரியர், தனியார் நிலம் என்றால் உரிமையாளர். வாய்மொழியாகச் சரி என்றாலும், என்ன வேலை, எந்த நாள், குப்பையை யார் அள்ளுவது என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாற்பது மூட்டைக் குப்பையைச் சேகரித்துத் தெருமுனையில் அடுக்கிவிட்டு, எடுத்துப் போக வண்டி வராமல், இரவோடு இரவாக நாய்கள் எல்லாவற்றையும் இழுத்துப் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவே இல்லை. எழுதி வாங்காமல் விட்டது நான்தான்.

5. யாரும் காயப்படாமல் இருக்க விதிகள்

இவற்றை விளக்கி வாதம் செய்ய வேண்டாம். குழுவில் சேரும் அன்றே ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடுங்கள்.

எந்த வீட்டுக்கும் தனியாகப் போகக் கூடாது. எப்போதும் இரண்டு பேர், வாசல் கதவு திறந்தபடி. இது இரு தரப்புக்குமே பாதுகாப்பு.

வங்கி அட்டை, ரகசிய எண், போனுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் எதையும் கையால் தொடக் கூடாது, காதால் கேட்கவும் கூடாது. பெரியவர்களே நம்பிக் கொடுத்தாலும் வேண்டாம். நாளைக்கு வேறு யாரோ பணத்தை எடுத்தாலும், முதல் சந்தேகம் படித்துக் காட்ட வந்த பிள்ளை மேல்தான் விழும்.

மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டலாம். எதை எப்போது சாப்பிடுவது என்று சொல்லக் கூடாது. அது செவிலியருக்கோ மருந்தாளுநருக்கோ போன் செய்து கேட்க வேண்டியது.

குப்பை அள்ளும்போது தடித்த கையுறையும் மூடிய செருப்பும் கட்டாயம். ஊசியைக் கண்டால் சிறுவர்கள் விலகி நிற்க வேண்டும். பெரியவர் இடுக்கியால் எடுத்துக் கெட்டியான, மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். மூடியைத் திரும்ப ஊசியில் மாட்டப் பார்க்கக் கூடாது, குத்துவது அப்போதுதான்.

வெள்ளத்தில் இறங்க வேண்டாம். கணுக்காலைத் தாண்டிய அளவில், 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீரே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். பேரிடர் நேரத்தில் இளைஞர் குழுவுக்கு ஏற்ற வேலைகள் கரையில்தான் இருக்கின்றன: பெயர்ப் பட்டியல் எடுப்பது, பொருட்களைப் பிரித்து அடுக்குவது, தண்ணீர் வடிந்த பிறகு வீடுகளைக் கழுவிவிடுவது.

6. சின்னதாக ஒருமுறை செய்து பாருங்கள்

முழு அளவில் தொடங்கும் முன், ஒரு தெருவில், நான்கு பேரை வைத்து, ஒரு மணி நேரம். என்ன விட்டுப்போனது என்பது அப்போதுதான் தெரியும்.

கொசு ஒழிப்பு வேலையில் இதைத் தெளிவாகப் பார்த்தேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில் வளரும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் வளர்ச்சி பாதியிலேயே அறுந்துவிடும். குழுவினர் உற்சாகமாகப் பூச்சட்டித் தட்டு, பழைய டயர், வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டே போனார்கள். சோதனைக்காகப் போன அந்த முதல் வாரம் ஒரு சுகாதாரப் பணியாளரையும் கூட்டிப்போயிருந்தோம். அவர் ஒரு வாளியை நிமிர்த்தி, உட்சுவரில் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார். மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கருப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். அவை முட்டைகள். காய்ந்துபோனாலும் பல மாதம் அப்படியே உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்த மழையில் தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

அந்த ஒரு மணி நேரச் சோதனை இல்லாமல் இருந்திருந்தால், வருடம் முழுக்கக் கொட்டிக்கொண்டே இருந்திருப்போம். அன்று மாலையே பொருட்கள் பட்டியலில் தேய்க்கும் பிரஷ் சேர்ந்தது.

7. வேலை நாளன்று

ஆளுக்கொரு பொறுப்பைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். "எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்றால் தண்ணீர்க் குடம் காலியாகவே இருக்கும். வருகைப் பதிவுக்கு ஒருவர், பொருட்களுக்கு ஒருவர், முதலுதவிக்கு ஒருவர், அக்கம்பக்கத்தில் வந்து என்ன ஏது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒருவர். கடைசியாகச் சொன்ன பொறுப்பைக் குழுவில் கூச்ச சுபாவம் உள்ளவருக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒரே கேள்விக்கு முப்பது முறை பதில் சொல்லிப் பழகியவர் நான்கு வாரத்தில் தானாகவே பேசத் தொடங்குவார்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்று தோன்றும்போதே நிறுத்துவது நல்லது. களைத்துப்போய் வீடு திரும்பியவருக்கு அடுத்த வாரம் நினைவில் நிற்பது அந்தக் களைப்புதான்.

படம் எடுப்பதானால் வேலையைப் படம் எடுங்கள். உதவி பெறுபவரின் முகத்தை, அவர் சம்மதம் சொன்னாலும், எடுக்காமல் இருப்பதே நல்லது. உதவி செய்யும் பிள்ளைகள் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் அந்தச் சம்மதத்தை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

8. அன்றே எண்ணி எழுதுங்கள்

வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டீர்கள். கலையும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து மூன்று விஷயங்களை நோட்டில் எழுதுங்கள்: எத்தனை செய்தோம், எது நடக்கவில்லை, அடுத்த வாரத்துக்கு யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தோம்.

எண்ணுவதன் பலன் கொஞ்சம் தள்ளித்தான் தெரியும். 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கிய துப்புரவுப் பணியில், தன்னார்வலர்கள் குப்பையை அள்ளியதோடு நிற்காமல் ஒவ்வொரு பொருளையும் வகை பிரித்து எழுதினார்கள். பிறகு உலகம் முழுக்கப் பரவிய அந்தப் பணியின் கணக்குகளில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தவை சிகரெட் துண்டுகள். குப்பை குறைய எதைத் தடுக்க வேண்டும் என்பது இப்படி எண்ணும்போதுதான் தெரிகிறது. "நிறைய அள்ளினோம்" என்று சொல்லும் குழுவுக்கு அலுவலகத்தில் நன்றி கிடைக்கும். "எட்டு வாரமாக, இந்த ஒரே திருப்பத்தில், வாரத்துக்கு முப்பது முறுக்கிக் கட்டிய குப்பைப் பைகள்" என்று நோட்டைக் காட்டும் குழுவுக்கு அந்தத் திருப்பத்தில் ஒரு குப்பைத் தொட்டி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வாக்குகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். "அடுத்த வாரம் கண்ணாடியைச் சரி செய்து கொண்டு வருகிறோம்" என்று ஒரு சிறுவன் போகிற போக்கில் சொல்லியிருப்பான். அவனுக்கு அது மறந்துவிடும். காத்திருப்பவருக்கு மறக்காது.

9. திரும்பிப் போங்கள், போக முடியாத வாரம் சொல்லிவிடுங்கள்

ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் ஒரு தொய்வு வரும். நான் பார்த்த எல்லாக் குழுக்களிலும் வந்திருக்கிறது. புதுமை போயிருக்கும், தேர்வு நெருங்கியிருக்கும், பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். அப்போது வேலையை நிறுத்தாதீர்கள், அளவைக் குறையுங்கள். பதினான்கு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தால் ஐந்து வீடுகளுக்குப் போங்கள். மற்ற ஒன்பது வீடுகளுக்கும் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள்.

சொல்லாமல் வராமல் இருப்பதுதான் பெரிய கெடுதல். தனியாக இருக்கும் ஒரு பெரியவர் சனிக்கிழமை காலையில் சட்டை மாற்றி, நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். யாரும் வராமல் மதியம் அந்த நாற்காலியை உள்ளே தள்ளுபவருக்கு, நீங்கள் தொடங்காமலே இருந்திருந்தால் இந்த ஏமாற்றம் இருந்திருக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டாவது படியில் கேட்ட கேள்வியை மறுபடி போய்க் கேளுங்கள். தேவை மாறியிருக்கும். முடிந்துபோன வேலையைப் பழக்கத்துக்காகத் தொடர வேண்டியதில்லை.

10. விலகுபவர் கையோடு ஒருவரை அறிமுகப்படுத்தட்டும்

இளைஞர் குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். படிப்பு, வேலை, வேறு ஊர். இதை முதல் நாளிலிருந்தே எதிர்பார்த்து வைத்தால் குழு உடையாது. ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் வயதில் சின்னவர் என்று வைத்துக்கொண்டால் பாதி ஏற்பாடு முடிந்தது.

ஒப்படைக்கும்போது நோட்டை மட்டும் கொடுத்தால் போதாது. பழையவரும் புதியவரும் குறைந்தது மூன்று வாரம் சேர்ந்து போக வேண்டும். முதல் வாரம் புதியவர் பார்க்கட்டும், இரண்டாவது வாரம் பாதி வேலையைச் செய்யட்டும், மூன்றாவது வாரம் முழுவதும் அவர் செய்ய, பழையவர் பக்கத்தில் சும்மா இருக்கட்டும்.

கடிதம் படித்துக் காட்டிய அந்தப் பெண் இரண்டு வருடம் கழித்துப் படிப்புக்காக வெளியூர் கிளம்பியபோது, பதினான்கு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு மூன்று சனிக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போனாள். நோட்டில் பாட்டியின் பக்கத்தில் அவள் அவனுக்காக எழுதி வைத்திருந்தவை நான்கு வரிகள்: வலது காது பக்கம் உட்கார வேண்டும். முதலில் உறையின் மேல் யார் அனுப்பியது என்று படிக்க வேண்டும். தேதி இருந்தால் சுவர்க் காலண்டரில் பெரிதாக வட்டம் போட வேண்டும். வேலை முடிந்ததும் உடனே எழுந்துவிடக் கூடாது.